முன்னொளியும் தமிழ்ப் பக்கமும்: மின்னூல் படிப்பானின் நிறைகுறைகள்

மின்னூல் படிப்பானை வாங்கலாமா என்று மாணவர்களும் பெற்றோர்களும் இப்போது கேட்கத் தொடங்கியுள்ளனர். கிண்டில் என்னும் வணிகப் பெயராலேயே பலரும் இக்கருவியை அறிவர். கேட்பவர்கள் பெரும்பாலும் ஓர் அச்சத்தையும் சேர்த்தே கேட்கின்றனர்: "அதில் பேக்லைட் இருக்கிறதாமே, கண் கெட்டுவிடாதா?" விற்பவர்களோ, "பின்னொளி உள்ளது, இருட்டிலும் படிக்கலாம்" என்று அதையே சிறப்பாகச் சொல்லி விற்கின்றனர். வாங்குபவர் அஞ்சுவதும் விற்பவர் புகழ்வதும் இல்லாத ஒரு பொருளைப் பற்றி என்பதுதான் வேடிக்கை. இக்கருவியில் பின்னொளி கிடையாது. இருப்பது முன்னொளி.

சொல்லில் என்ன இருக்கிறது என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்தச் சொற்பிழையால் கருவியின் மிகச் சிறந்த பகுதி வீண்பழி சுமக்கிறது. உண்மையான குறைகள் எவர் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகின்றன. 2025 ஏப்ரலில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 7 அங்குலக் கிண்டில் பேப்பர்வொயிட்டின் அப்போதைய விலை 16,999 ரூபாய். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்காக ஒரு குடும்பம் இத்தொகையை எடுத்து வைப்பதற்கு முன், எது நிறை, எது குறை என்று தெரிந்திருப்பது நல்லது.

முதலில் ஒளியைப் பார்ப்போம். திருவண்ணாமலையில் மலையை வலம் வரும் 14 கிலோமீட்டர் பாதையில் மேற்குப் புறத்தில் உள்ளது அடி அண்ணாமலை. கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றப்படுகிறது. அந்நாள் பௌர்ணமியாகவோ அதை ஒட்டியோ அமைவதால் நிலவும் சற்று முன்பின்னாக எழுகிறது. மலைக்கு மேற்கே இருக்கும் இவ்வூராருக்கு மட்டும் அது மலையின் முதுகுக்குப் பின்னாலிருந்து சிறிது தாமதித்தே தலைகாட்டும். ஒரே வானில் இரண்டு வகை ஒளிகள்! தீபம் தானே ஒளிர்வது. நிலவு, தன்மீது விழும் கதிரவன் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவது. கைபேசித் திரை தீபத்தின் இனம். அச்சிட்ட தாள் நிலவின் இனம். மின்னூல் படிப்பானின் திரையும் நிலவின் இனத்தைச் சேர்ந்ததே. தன்மீது ஒளி விழுந்தால்தான் அதில் எழுத்துத் தெரியும்.

அத்திரையின் அமைப்பு எளிமையானது, அழகானதும்கூட. தலைமுடியின் தடிமன் அளவே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழ்கள் ஒரு படலத்தில் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த எண்ணெய் போன்ற நீர்மம். அதில் மிதக்கும் இரு வகைத் துகள்கள். வெள்ளைத் துகள் டைட்டானியம் டை ஆக்சைடு. நம் வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் அதே பொருள்தான். கருப்புத் துகள் கரி. இவ்விரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம் தரப்பட்டிருக்கிறது. படலத்தின் மேலும் கீழும் உள்ள மின்முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 15 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், மின்புலத்தின் திசைக்கேற்ப ஒரு வகைத் துகள் மேலே வரும், மற்றது கீழே போகும். 15 வோல்ட் என்றதும் இவ்வளவுதானா என்று தோன்றும். இடைவெளி 50 மைக்ரோமீட்டர் என்று கொண்டு வகுத்துப் பாருங்கள். மின்புலச் செறிவு மீட்டருக்கு 3 லட்சம் வோல்ட் என்று வரும். துகள்கள் நகர்வதில் வியப்பில்லை.

நீர்மத்தில் மின்னூட்டமுள்ள துகள் மின்புலத்தால் நகர்வதை மின்முனைக் கவர்ச்சி என்கிறோம். மாஸ்கோவில் ரூஸ் என்பவர் 1807இலேயே நீரில் களிமண் துகள்களைக் கொண்டு இதைக் கண்டார். இதனைத் திரையாக்க முனைந்தவர்களில் முன்னோடி ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தைச் சேர்ந்த இசாவோ ஓட்டா. 1973இல் அவர் தம் குழுவினருடன் இதுபற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். ஆனால் துகள்கள் நாளடைவில் ஓரிடத்தில் திரண்டு கட்டிக்கொள்ளும் தொல்லை தீரவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் துகள்களை நுண்குமிழ்களுக்குள் சிறைவைத்து அதைத் தீர்த்தனர். அவர்களது கட்டுரை 1998இல் 'நேச்சர்' இதழில் வந்தது. இத்திரையைக் கொண்ட சோனி நிறுவனத்தின் லிப்ரியே ஜப்பானில் 2004இலும், அமேசானின் முதல் கிண்டில் அமெரிக்காவில் 2007இலும் வெளிவந்தன. ஒரு முறை நகர்த்திய துகள் அங்கேயே நின்றுவிடும் என்பதால், பக்கத்தை மாற்றும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. மின்கலம் தீர்ந்த பின்னும் கடைசிப் பக்கம் திரையில் நிலைத்து நிற்பது இதனால்தான்.

இனி முன்னொளிக்கு வருவோம். தொடக்கக் காலக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கே கிடையாது. புத்தகத்தைப் போலவே இரவில் வேறு விளக்கைத் தேட வேண்டும். 2012இல் பார்ன்ஸ் அண்ட் நோபிள் நிறுவனத்தின் நூக் கருவியிலும், அதே ஆண்டில் கிண்டில் பேப்பர்வொயிட்டிலும் உள்விளக்கு பொருத்தப்பட்டது. பின்னாலிருந்து ஒளியைச் செலுத்த இத்திரையில் வழியில்லை. டைட்டானியம் டை ஆக்சைடும் கரியும் ஒளி புகாதவை. எனவே திரைக்கு மேலே மெல்லிய ஒளிபுகும் தகடு ஒன்றை வைத்து, அதன் விளிம்பில் சிறு ஒளி உமிழ் டயோடுகளைப் பதித்தனர். விளிம்பில் நுழையும் ஒளி தகட்டுக்குள் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து அடைந்து மறுமுனை நோக்கி ஓடுகிறது. தகட்டின் ஒளிவிலகல் எண் 1.5 என்றால் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 டிகிரி; இது பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குதான். தகட்டின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்பள்ளங்கள் உண்டு. அவற்றில் மோதும் ஒளி வழிமாறிக் கீழ்நோக்கி எழுத்தின்மீது விழுந்து, அங்கிருந்து சிதறி நம் கண்ணுக்கு வருகிறது. மேசைவிளக்கின் ஒளி புத்தகத்தில் பட்டுத் திரும்புவதைப் போன்றதே இது. மேசைவிளக்கைத் தட்டையாக்கித் திரையின்மேல் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம்பாதவர்கள் மூன்று எளிய சோதனைகளைச் செய்து பார்க்கலாம். படிப்பானின் விளக்கை முற்றிலும் அணைத்துவிட்டுத் திண்ணையில் வெயிலருகே கொண்டுபோங்கள். எழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். பின்னொளித் திரையில் ஒளியை அணைத்தால் எழுத்தும் போய்விடும். அடுத்து, கல்லூரி ஆய்வகத்தில் போலராய்டு தகடு இருந்தால் நீர்மப் படிகத் திரையுள்ள கைபேசியின் முன் அதை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் திரை இருண்டுவிடும். அத்திரையின் ஒளி தளவிளைவுக்கு உட்பட்டது. படிப்பானின் முன் சுழற்றினால் எழுத்தின் தெளிவில் பெரிய மாற்றம் தெரியாது. வெள்ளைத் துகள்களில் பட்டுப் பலமுறை சிதறும் ஒளிக்குத் தளவிளைவு எஞ்சுவதில்லை. மூன்றாவதாக ஒரு கைவில்லை. கைபேசியில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின் வரிசையைக் காண்பீர்கள். படிப்பானில் தாளில் ஊறிய மைபோல விளிம்பு சற்றே கரடுமுரடான கருமை தெரியும்.

கணக்கும் இதையே சொல்கிறது. மங்கலான பொருள் ஒன்றின் பொலிவு, அதன்மேல் விழும் ஒளியை அதன் பிரதிபலிப்புத் திறனால் பெருக்கி 3.14ஆல் வகுத்தால் கிடைக்கும். குழல்விளக்கு எரியும் அறையில் 100 லக்ஸ் ஒளி இருப்பதாகக் கொள்வோம். நல்ல வெள்ளைத் தாள் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பியனுப்புவது. ஆகவே அதன் பொலிவு சதுர மீட்டருக்கு 25 கேண்டெலா. மின்மைத் திரையின் 'வெள்ளை' உண்மையில் சற்றே சாம்பல். 40 முதல் 45 விழுக்காடுதான் திரும்பி வரும். அதன் பொலிவு 13 கேண்டெலாவைச் சுற்றியே நிற்கும். தாளில் பாதி! பழைய கருவிகளைப் பார்த்தவர்கள் "செய்தித்தாளைவிட மங்கல்" என்று குறைப்பட்டது நியாயமே. முன்னொளி செய்யும் உண்மையான தொண்டு இங்கேதான் இருக்கிறது. குறைபடும் 12 கேண்டெலாவை அது ஈடுசெய்து, சாம்பல் நிறப் பக்கத்தைத் தாளின் வெண்மைக்குக் கொண்டுவருகிறது. இருட்டில் படிக்க உதவுவது இரண்டாம் பயன்தான். பகலில் அறைக்குள் படிப்பவருக்கும் அது வேண்டும்.

வெயிலில் நிலைமை தலைகீழாகும். 50,000 லக்ஸ் வெயிலில் படிப்பானின் பக்கம் 6,000 கேண்டெலாவுக்கு மேல் பொலியும். கைபேசித் திரை 500 கேண்டெலா ஒளியை உமிழ்வதாகக் கொண்டாலும், அதன் மேற்கண்ணாடியில் விழும் வெயிலில் 4 விழுக்காடு சிதறித் திரும்பினாலே அது 600 கேண்டெலாவைத் தாண்டிவிடும். படத்தைவிடக் கூசொளி மிகுதி. பகலில் மலையுச்சித் தீபம் கண்ணுக்கு எட்டாமல் போவதைப் போன்ற கதைதான். (நிலவொளியில் படிக்கலாமா என்று கிரிவலக்காரர்கள் கேட்க வேண்டாம். முழுநிலவு தருவது அரை லக்ஸுக்கும் குறைவு. இந்தத் திரை மட்டுமன்று, எந்த அச்சும் அதில் சுகமாகப் படிக்க உதவாது.)

"தூக்கம் கெடும்" என்ற குற்றச்சாட்டின் வரலாற்றையும் பார்த்துவிடுவோம். 2014 டிசம்பரில் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை ஒன்று உலகெங்கும் செய்தியாயிற்று. 12 இளைஞர்களைச் சில இரவுகள் உறங்குமுன் 4 மணி நேரம் ஒளிரும் கருவியிலும், வேறு சில இரவுகள் அச்சுப் புத்தகத்திலும் படிக்க வைத்தனர். ஒளிரும் கருவியில் படித்த நாட்களில் உறக்கம் வர ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாயிற்று. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு பாதிக்கு மேல் குறைந்தது. "மின்னூல் படிப்பான் உறக்கத்தைக் கெடுக்கும்" என்று செய்தித்தாள்கள் தலைப்பிட்டன. ஆனால் ஆய்வில் பயன்பட்ட கருவி ஐபேடு. அதுவும் மங்கலான அறையில் முழு ஒளியில் வைக்கப்பட்டது. நீர்மப் படிகப் பின்னொளித் திரையின் குற்றத்தை மின்மைத் திரையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். முன்னொளியின் டயோடுகளிலும் நீல ஒளி உண்டு என்பது உண்மை. அதன் அளவைப் படிப்பவரே குறைத்துக்கொள்ள முடியும். 2021க்குப் பின் வந்த பேப்பர்வொயிட்டில் மஞ்சள் கலந்த டயோடுகளும் சேர்க்கப்பட்டு ஒளியின் நிறத்தை மாற்றும் வசதி வந்துள்ளது. கண் எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் நீல ஒளியன்று. எந்தத் திரையானாலும் உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்து கண் உலர்வதே. அதற்கு விலைகொடுத்து வாங்கும் மருந்து எதுவும் வேண்டாம், அடிக்கடி தொலைவில் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் போதும்.

முன்னொளியில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2012இன் முதல் பேப்பர்வொயிட்டில் நான்கு டயோடுகளே இருந்ததால் பக்கத்தின் அடிப்பகுதியில் நிழல்திட்டுகள் விழுந்தன என்ற புகார் அப்போதே எழுந்தது. 2021ஆம் ஆண்டுக் கருவியில் டயோடுகள் 17 ஆயின. திட்டுகள் பெரும்பாலும் மறைந்தன.

திரையின் நுட்பமும் பாராட்டுக்குரியது. இன்றைய கருவிகளில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். ஒரு புள்ளியின் அகலம் 0.085 மி.மீ. நலமான கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 30 செ.மீ. தொலைவில் அது 0.087 மி.மீ. ஆகும். கண்ணின் எல்லையும் கருவியின் எல்லையும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. சுழியும் வளைவும் நிறைந்த ண, ஞ, றூ போன்ற எழுத்துகள் உடையாமல் தெரிவதற்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கே இந்த நுட்பம் மிகுதியாகத் தேவைப்பட்டது.

இவ்வளவு நல்ல திரை. அதில் தமிழ் எப்படி இருக்கிறது? என் குறைப்பாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆங்கில எழுத்துகளை இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் போதும். தமிழில் அவ்வாறில்லை. 'கெ' என்று கணினி சேமிக்கும்போது முதலில் 'க', அடுத்து ஒற்றைக்கொம்பு. காட்டும்போது கொம்பு முன்னால் வரவேண்டும். 'கொ'வில் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இந்த ஒழுங்குபடுத்தலைக் கருவியின் மென்பொருள் செய்ய வேண்டும். தொடக்கக் காலக் கருவிகள் பலவற்றுக்கு அது தெரியாது. கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து ஓடின. தமிழர்கள் இதற்காகக் காத்திருக்கவில்லை. வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒருங்கிணைக்க, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் கிண்டிலுக்கு ஒன்பது ஆண்டு மூத்தது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டெழுதி இலவசமாக வழங்கினர். பின்னர் வந்த ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் தன் நூல்களைப் பல வடிவங்களில் தந்தபோது, அவற்றுள் '6 அங்குல பி.டி.எப்.' என்ற ஒன்றையும் சேர்த்தது. கருவிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாவிட்டால், ஏற்கெனவே கோத்து முடித்த பக்கத்தைக் கருவியின் அளவுக்கே வெட்டிக் கொடுத்துவிடுவது! பெரிய நிறுவனங்கள் செய்யாததைச் சிறு குழு ஒன்று இவ்வளவு எளிய வழியில் செய்தது என்பதை நான் மிக மதிக்கிறேன். 2016 டிசம்பரில்தான் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் நூல்களை விற்கத் தொடங்கியது.

இப்போது கொம்பும் காலும் இடம் சேர்ந்துவிட்டன. ஆனால் வரி? 6 அங்குலத் திரையின் அகலம் 91 மி.மீ. இருபுறமும் ஓரம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 75 மி.மீ. படிக்க வசதியான அளவில் ஓர் எழுத்து சராசரி 4 மி.மீ. எடுத்துக்கொண்டால் வரிக்குப் பதினெட்டு, பத்தொன்பது எழுத்துகள். 'எடுத்துக்கொண்டிருந்தார்களென்று' என்ற ஒரே சொல்லில் 16 எழுத்துகள் உள்ளன! அச்சுக்கோப்பவர்கள் காலத்தில் இதில் சிக்கல் எழவில்லை. மெய்யெழுத்து வரியின் தலையில் வராமல் பார்த்துக்கொண்டு, எந்த எழுத்தோடும் சொல்லை முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். இணைப்புக் கோடுகூடப் போடுவதில்லை. நாமும் தடையின்றிப் படித்தோம். நான் கையாண்ட கருவியொன்றில் மென்பொருள் தமிழ்ச் சொல்லை முறிக்கத் துணியவில்லை. நீண்ட சொல்லை அப்படியே கீழே தள்ளிவிட்டு, மேல்வரியில் மிஞ்சிய இரண்டு சொற்களை இரு ஓரங்களுக்கும் இழுத்துக் கட்டியது. நடுவே ஒரு வாய்க்கால் அளவு வெற்றிடம். எழுத்தைப் பெரிதாக்கும்தோறும் வாய்க்காலும் அகலும். ஆங்கிலத்துக்குச் செய்த ஏற்பாட்டைத் தமிழுக்கு மாட்டிவிட்டதால் வந்த வினை இது. திரையை எவ்வளவு நுட்பமாக்கினாலும் இது தீராது; மென்பொருளில் சில நாள் வேலை.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. தமிழில் இலவசமாகக் கிடைக்கும் நூல்களில் மிகப் பெரும்பகுதி பழைய அச்சுப் பக்கங்களை ஒளிப்படமாக எடுத்த பி.டி.எப். கோப்புகள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய நூல்களை இவ்வாறுதான் காத்து வழங்குகிறது. அந்தப் பணி பெரிது. ஆயினும் ஒளிப்படம் எழுத்தன்று. கருவி அதைப் பெரிதாக்கி வரிகளை மாற்றி ஓடவிட முடியாது. டெம்மி அளவுப் புத்தகத்தின் பக்க அகலம் 140 மி.மீ.; அதை 91 மி.மீ.க்குள் அடக்கினால் 65 விழுக்காடாகச் சுருங்கும். 11 புள்ளி எழுத்து 7 புள்ளியாகிவிடும். ஏ4 பக்கமானால் 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகும். அது மருந்துப் பெட்டியின் உள்தாளில் உள்ள எழுத்து! வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தருவதுதான் இக்கருவியின் தலைசிறந்த நன்மை. அந்த நன்மை இந்த நூல்களுக்கு வந்ததும் கைவிட்டுப் போகிறது.

பாடநூலின் நிலை இன்னும் கடினம். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவையும் பி.டி.எப்.தான். மேல்நிலை இயற்பியல் நூலை எடுங்கள்: அகலமான பக்கம், இரு பத்திகள், வண்ணப் படங்கள், வரைபடங்கள், காணொளிக்கு இட்டுச்செல்லும் குறியீட்டுக் கட்டங்கள். மின்மைத் திரை காட்டுவதோ 16 சாம்பல் நிறங்கள். சிவப்புக் கோடு திசைவேகம், நீலக் கோடு முடுக்கம் என்று படம் சொன்னால் மாணவன் எதை எதுவென்று கொள்வான்? வண்ணமின்மைத் திரைகளும் வந்துள்ளன. ஆனால் அவற்றின் வண்ணம் வெளுத்தது, விலையும் கூடுதல். பக்கத்தைப் பெரிதாக்கி விரலால் நகர்த்திப் பார்க்கலாமே எனில், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் துகள்கள் நீர்மத்தில் நீந்தி இடம் மாற வேண்டும். திரை கருத்து வெளுத்து மீள்கிறது, சில சமயம் முந்தைய பக்கத்தின் ஆவியும் நிழலாடுகிறது. நாவலில் பக்கத்துக்கு ஒரு முறை இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 40ஆம் பக்கத்துச் சமன்பாட்டையும் 47ஆம் பக்கத்துக் கணக்கையும் மாறி மாறிப் பார்க்கும் மாணவன் பொறுக்கமாட்டான். புத்தகத்தில் அவன் ஒரு விரலை அடையாளமாக வைத்துக்கொள்வான்.

செய்யுளும் உரையுமாக அமைந்த இலக்கிய நூலுக்கும் இதே தொல்லை. ரமணாசிரமத்துப் பக்கம் வந்து தங்கும் வெளிநாட்டார் கையில் இக்கருவியை நெடுநாளாகக் காண்கிறோம். அவர்கள் மனநிறைவோடு படிக்கிறார்கள். அவர்கள் படிப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில், ஓடும் உரைநடையில். அவர்களைப் பார்த்து நாம் முடிவுசெய்துவிடக் கூடாது.

விளம்பரக் கணக்கு ஒன்றையும் பிரித்துப் பார்ப்போம். 'ஒருமுறை மின்னேற்றினால் 12 வாரம்' என்கிறார்கள். சிறிய எழுத்தில் அதன் நிபந்தனை இருக்கிறது: நாளொன்றுக்கு அரைமணி நேரம் படித்தால், இணையத்தொடர்பை அணைத்து வைத்தால், விளக்கைக் குறிப்பிட்ட நடுத்தர அளவில் வைத்தால். 12 வாரம் என்பது 84 நாள். நாளுக்கு அரைமணி என்றால் மொத்தம் 42 மணி நேரம். தேர்வு நேரத்தில் நாளுக்கு 4 மணி நேரம் படிப்பவருக்குப் பத்து நாள் வரும். பத்து நாள் என்பதே கைபேசியோடு ஒப்பிட்டால் பெரும் சிறப்பு. மின்தடை உள்ள ஊர்களில் அதன் அருமை தெரியும். உள்ளதைச் சொல்லியே விற்றிருக்கலாம். கிண்டிலுக்கு உகந்த வெப்பநிலையின் மேல்வரம்பு 35 டிகிரி செல்சியஸ் என்பது பலரும் கவனிக்காத மற்றொரு செய்தி. திருவண்ணாமலைச் சித்திரை வெயில் அதைக் காலை பத்து மணிக்கே தாண்டிவிடக்கூடும். வெயிலில் பொலிவாகத் தெரியும் கருவியை வெயிலில் நெடுநேரம் வைத்திருக்கலாகாது!

கடைசியாக, காசு கொடுத்து வாங்கிய மின்னூல் யாருடையது? 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் சில பதிப்புகளை, விற்ற பிறகு, வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமையில்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது, நிறுவனத் தலைவர் வருத்தமும் தெரிவித்தார். ஆயினும் புத்தகக்கடைக்காரர் நம் வீட்டு அலமாரியைத் திறக்க முடியும் என்பது அன்று தெரிந்துவிட்டது. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. அண்ணன் படித்த புத்தகம் தம்பிக்கு, தம்பிக்குப் பின் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு என்று கைமாறிப் படித்தே வளர்ந்தவர்கள் நாம். கருவியைக் கைமாற்றலாம், அதனுள் விலைக்கு வாங்கிய நூலைத் தனியே கைமாற்ற வழியில்லை.

ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. நாவல், சிறுகதை, கட்டுரை என்று தொடர்ந்து படிப்பவர்கள், ஆங்கில நூல்களும் படிப்பவர்கள், வெள்ளெழுத்தால் அச்சு நூலைக் கைவிட்ட பெரியவர்கள் தாராளமாக வாங்கலாம். முன்னொளி இல்லாத மலிவான பழைய கருவியைத் தேடிப் போக வேண்டாம். தமிழ்வழி மேல்நிலை மாணவருக்குப் பாடநூலுக்காக இதை வாங்குவது வீண். பாடநூல்கள் பி.டி.எப்.போடு நில்லாமல் வரிகள் ஓடும் வடிவிலும் வெளியிடப்பட்டால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன். அந்த வடிவம் கைபேசியில் படிக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கும் இதே அளவு பயன்படும். படிப்பான் வாங்க வேண்டிய அவசியமே பலருக்கு இராது.

கைபேசியில்தான் படித்தாக வேண்டும் என்ற நிலையில் உள்ள மாணவர்கள் அறையின் விளக்கை அணைத்துவிட்டுப் படிக்க வேண்டாம். குழல்விளக்கை எரியவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் கைபேசியின் அருகில் வைத்து, திரையின் வெண்மை தாளின் வெண்மையோடு ஒத்துப்போகும் வரை திரையொளியைக் குறையுங்கள். மேலே கண்ட 100 லக்ஸ் அறையில் அது 25 கேண்டெலாவுக்கு அருகில் வந்து நிற்கும்.